வடுக்களும் எண்ணெயும்



இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மெல்பேர்னிலுள்ள பங்கு இல்லத்திற்குத் திரும்பினேன். மார்பின் நடுவே ஒரு சாண் நீளத் தழும்பு. மக்கள் அன்போடு கொணர்ந்த தேங்காயெண்ணெய், ரோஸ்ஹிப் எண்ணெய், ஈமு எண்ணெய், வைட்டமின் ஈ குப்பிகள் மேசையை நிறைத்தன.

மருத்துவர் உள்ளதைச் சொன்னார். எண்ணெய் தோலை மென்மையாக்கும். நீவிவிடுவது இறுக்கத்தைத் தளர்த்தலாம். ஆயினும் தழும்பை அழிக்காது. வைட்டமின் ஈ பெரும்பாலோருக்குப் பயனளிக்கவில்லை, சிலருக்கு ஒவ்வாமையே தந்தது என்று 1999இல் வெளியான மயாமி பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று. சிலிக்கோன் களிம்பு, இந்நாட்டுக் கடும் வெயிலுக்குக் காப்பு, ஓராண்டுக்கு மேலும் நீளும் பொறுமை ஆகியவற்றையே அவர் பரிந்துரைத்தார்.

அவ்வாரம் வன்னியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் முன்கையை நீட்டினார். 2009இல் எறிகணை விட்ட வடு. “ஃபாதர், திருமணத்துக்கு முன் இதை மறைக்க எந்த எண்ணெய் நல்லது?” என்றார். மருத்துவர் சொன்னதையே சொன்னேன். அவர் முகம் வாடிற்று. நான் சட்டைப் பொத்தானைக் கழற்றி என் தழும்பைக் காட்டினேன். நெடுநேரம் நோக்கியவர், முதன்முறையாக அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை, தோமாவிடம் காட்டினார். எண்ணெய் பூசுங்கள், தவறில்லை. உங்கள் வடுவைக் காட்டத்தக்க ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள்.

இறையாசீர் உங்களோடு.