புதுச் சொல்லும் பழைய கையேடும்

மென்பொருட்களுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். கதை, கவிதை எழுதுவோர் கூடுமிடத்தில் இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். ஆனாலும் நாங்களும் சொற்களை நம்பிப் பிழைப்பவர்கள்தாம். ஒரேயொரு வேறுபாடு: கவிதையில் ஒரு சொல் இரு பொருள் தந்தால் அது நயம். கையேட்டில் தந்தால், எங்கோ ஒருவர் தவறான பொத்தானை அழுத்திவிடுவார். ஆகவேதான் தொழில்நுட்ப உலகில் புதுச் சொல்லொன்று பவனி வரும்போதெல்லாம் அதைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'வெப் 2.0' அப்படி வந்த சொல். டார்சி டினூச்சி 1999இலேயே அதை எழுதிவிட்டார். எனினும் 2004இல் ஓ'ரைலி நிறுவனத்தார் அந்தப் பெயரில் மாநாடு நடத்திய பின்னரே அது எல்லோர் வாயிலும் புகுந்தது. வலையைப் படைத்த டிம் பேர்னர்ஸ்-லீயோ அதற்கு என்ன பொருளென்று எவருக்கும் தெரியாது என 2006இல் சொன்னார். மக்களை இணைப்பதுதானே வலையின் ஆதி நோக்கமும் என்பது அவர் வாதம்.

அவர் சொன்னது நியாயமே. ஆயினும் கையேடு எழுதுபவன் அத்துடன் எழுந்து போய்விட முடியாது. அந்தப் பெரிய குடையின் கீழ் சில சின்னச் சங்கதிகள் நின்றன. 'அஜாக்ஸ்' என்ற பெயரை ஜெஸி ஜேம்ஸ் காரெட் சூட்டியது 2005இல். அதன் முக்கிய உறுப்போ 1999இலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்தது. பெயர்தான் புதிது. ஆனால் அது பரவியதும், பக்கம் மாறாமலே பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மாறத் தொடங்கிற்று. "அடுத்த பக்கத்தில்" என்று நாங்கள் எழுதிவைத்த வழிகாட்டல்கள் பொருளிழந்தன. அடுத்த பக்கமே இல்லையே!

'விக்கி' இன்னும் மூத்தது. வார்ட் கனிங்ஹாம் 1995இல் தொடங்கியது. வாசகரே கையேட்டைத் திருத்தலாம் என்ற நிலை அதனால் வந்தது. நல்லதுதான். ஆனால் ஒருவர் சேர்த்த பிழையான வரியை நம்பி இன்னொருவர் தன் கோப்புகளை இழந்தால் பதில் சொல்வது யார்? என்னை உறுத்துவது இந்தக் கேள்விதான்.

எனவே எந்தப் புதுச் சொல்லிடமும் நான் மூன்றைக் கேட்கிறேன். பயனாளியின் கை செய்யும் வேலை மாறுகிறதா? எழுதுபவர் மாறுகிறாரா? பிழைக்குப் பொறுப்பாளி மாறுகிறாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், அது விளம்பரக்காரரின் சொல், அவரிடமே இருக்கட்டும்.

2014இல் கெவின் வூட் பெயரிட்ட 'வெப்3'க்கும் இதே கேள்விகள்தாம். இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் கையேடு எழுதித் தருகிறது. முதலிரு கேள்விகளுக்கும் அது 'ஆம்' என்கிறது. மூன்றாவதற்குத்தான் அதனிடம் பதிலில்லை. அந்தப் பதிலைச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்படும்வரை எங்கள் தொழிலுக்கு வேலை இருக்கும்.