யாம் மறைத்த கணக்கு

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டிய மலர்க்குழுவினர், தொழில் தொடங்கி நடாத்துதல் பற்றி, இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்குப் பயன்படுமாறு எழுதும்படி எம்மைப் பணித்தனர். எமது வெற்றியை அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அது சிறிது, எமது தவறோ பெரிது. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம்.

கொழும்பில் 2019ஆம் ஆண்டு நண்பர் ஒருவரோடு கூடிச் சிறியதொரு மென்பொருட் கம்பனியைத் தொடங்கினோம். மாடியில் ஓர் அறை, இரவல் மேசைகள், ஆறு இளைஞர். அவர்கள் எம்மை 'அண்ணை' என்றே அழைத்தனர். 'சேர்' என்று அழைக்க யாமும் விடவில்லை.

2022ஆம் ஆண்டு பங்குனியில் நாடிருந்த நிலையை யாவரும் அறிவர். எரிபொருளுக்கு நீண்ட வரிசை, ரூபாவின் வீழ்ச்சி, மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. வேலை தாமதிக்கவே, எமக்குப் பெரும்பகுதி வருவாய் தந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை நிறுத்திக்கொண்டார். வங்கியிற் கிடந்த பணம் இரண்டு மாதச் சம்பளத்துக்கே போதும். இதனை யாமும் நண்பரும் மாத்திரமே அறிந்திருந்தோம்.

கல்லூரியிற் கிரிக்கெற் அணித் தலைவராய் இருந்த காலத்தில், விக்கெற்றுகள் விழ விழ முகம் வாடாதிருக்கப் பழகியிருந்தோம். மைதானத்தில் அது நன்று. அங்கே ஓட்டப்பலகை எல்லார் கண்ணுக்கும் தெரியும். அலுவலகத்திலோ பலகையை யாமே மறைத்துவிட்டு முகத்தை மாத்திரம் மலர்த்தி வைத்திருந்தோம். மறைத்த அச்சம் அடங்கியிருக்கவில்லை. சிறு பிழைக்கும் சீறினோம். ஒருநாள் ஒரு பெண்பிள்ளை கண்கலங்கி எழுந்து சென்றார். எதற்காகக் கடிந்தோம் என்பது இன்று நினைவில் இல்லை. வீட்டிலும் இதே கதைதான்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம், வடமராட்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் எம்மைத் தனியே கண்டு, வேறொரு நிறுவனம் தம்மை அழைப்பதாகவும், இங்கே நிலைமை எப்படி என்றும் கேட்டார். ஒரு குறையும் இல்லை, இரும் தம்பி என்றோம். அவர் இருந்தார். வைகாசியிற் சம்பளம் கொடுக்க முடியாத நாளில் அனைவரையும் இருத்தி உண்மையைச் சொன்னோம். பிறர் ஏதேதோ கேட்டனர். அவர் கேட்டது ஒன்றே: "அண்ணை, ஒரு மாதத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாமே?" அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டனர். அவர் பஸ் ஏறி ஊருக்குப் போனார்.

வேலை குறைந்திருந்த அம்மாதங்களில் ஹொண்டா கம்பனியின் வரலாற்றைப் படித்தோம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளெல்லாம் அறிந்த மோட்டார் சைக்கிளின் பெயர் அது. அதனைச் செய்வித்த மனிதரை யாம் அறிந்திருக்கவில்லை. சொயிச்சிரோ ஹொண்டா 1948இல் அக்கம்பனியை நிறுவினார். கடுங்கோபி, பட்டறையிற் கைக்கெட்டிய கருவியை வீசுபவர் என்று பெயரெடுத்தவர். ஆயினும் பணக்கணக்கு தமக்கு வராது என்பதை ஒளிக்கவில்லை. அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த தக்கேயோ புஜிசாவாவிடம் அதனை முழுதும் ஒப்புவித்தார். 1954இற் கம்பனி முறியும் நிலையை அடைந்தபோது, புஜிசாவா தொழிலாளர் சங்கத்தின் முன் தாமே சென்று, ஆண்டிறுதிக் கொடுப்பனவு மிகச் சொற்பம் என்பதை மறையாது கூறினார். இவ்விடத்திற் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம்.

பின்னர் மற்றொன்றும் படித்தோம். காற்றினாற் குளிரும் எஞ்சினே சிறந்ததென ஹொண்டா பிடிவாதமாய் நின்றார். இளம் பொறியியலாளர் நீரினாற் குளிர்வதை வேண்டினர். அவர் தலைவராக இருக்க விரும்புகிறாரா, பொறியியலாளராகவா என்று புஜிசாவா வினவ, ஹொண்டா விட்டுக்கொடுத்தார். 1973இல் இருவரும் ஒருங்கே ஓய்வு பெற்றனர். அப்பால் ஹொண்டா தம் தொழிலாளரை இடந்தோறும் நாடிச் சென்று நன்றி கூறினார். கருவி எறிந்த கை அது. பட்டவர் அதனை எவ்வாறு பற்றினரோ என்று யாம் நினைப்பதுண்டு.

எமது கம்பனி மூவராய்ச் சுருங்கிப் பிழைத்தது. இப்பொழுது மாதத்தின் முதல் திங்களன்று வங்கியிருப்பைச் சுவர்ப்பலகையில் எழுதுகிறோம். முதன்முறை எழுதுகையிற் கை நடுங்கிற்று; பார்த்தவர்களோ அமைதியாய் இருந்தனர். அச்சமான மாதங்களில் அச்சமாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறோம். சீற்றம் முற்றும் ஒழிந்ததென்று சொல்ல மாட்டோம்.

வடமராட்சித் தம்பிக்குரிய நிலுவைச் சம்பளத்தைத் தவணை தவணையாகக் கொடுத்து முடித்தோம். இழந்த வேலையைக் கொடுக்க எம்மிடம் வழியில்லை. நல்லூர்த் திருவிழாவில் ஒருமுறை அவரைக் கண்டோம். மனைவியையும் குழந்தையையும் அறிமுகஞ் செய்து, "அண்ணை, அலுவலகம் நடக்குதா?" என்றார். நடக்கிறது என்று சொல்லி, அம்மாதக் கணக்கையும் சொன்னோம்.