ஒலி காத்தல்

ஓவியன் தீட்டிய ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கிய சிலை கல்லில் நிற்கும். பாடகன் பாடிய பாட்டோ, பாடி முடித்த அக்கணமே காற்றில் கரைந்துவிடும். பல்லாயிரம் ஆண்டுகளாக இசையின் நிலை இதுவாகவே இருந்தது. 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பிடித்து வைக்கும் கருவியை அமைத்தார். அதன் பின்னரும், பிடித்த ஒலியைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்வி எஞ்சியே நின்றது. ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பல்லாண்டுகளாகப் பணியாற்றுபவன் ஆதலின், நான் இக்கேள்வியோடு நாள்தோறும் பழகி வருகிறேன்.

தொடக்கத்தில் மெழுகு உருளைகளில் பாட்டைப் பதிந்தனர். ஓர் உருளையிலிருந்து வேண்டிய அளவு படிகளைச் செவ்வனே எடுக்கும் வழி அந்நாளில் இல்லை. ஆகவே, விற்பனைக்கு உருளைகள் பல வேண்டுமாயின், பாடகர் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. 1890களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஜான்சன் என்னும் கறுப்பினப் பாடகர், சிரிப்புப் பாட்டு ஒன்றை ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு பாடினார். அப்பாட்டின் நடுவே வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். ஆயிரமாவது முறையும் முதன்முறை போலவே சிரிப்பது எத்துணை அரிய செயல்! படியெடுக்கும் வழி இல்லாமையால் ஒரு மனிதரின் தொண்டை பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

1930களில் ஜெர்மானியர் காந்த நாடாவை உருவாக்கினர். நாடாவிலிருந்து நாடாவிற்குப் படியெடுப்பது எளிது. ஆயினும் படிக்குப் படி சிறிது இரைச்சல் கூடும். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியோர் கையில் பாடவேறுபாடுகள் பெருகியதைத் தமிழாசிரியர்கள் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நாடாவின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

நாடாக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை என்னிடம் தொழில் பழக வரும் இளைஞர்களுக்கு நான் தவறாமல் கூறுவதுண்டு. 1976ஆம் ஆண்டில் பிளீட்வுட் மேக் என்னும் இசைக்குழுவினர், கலிபோர்னியாவிலுள்ள சாசலிட்டோ என்னும் ஊரில் ‘ரூமர்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பைப் பதியத் தொடங்கினர். 24 தடங்கள் கொண்ட அகன்ற நாடா அது. முரசுகளை முதலில் பதிந்து, அதன்மேல் கிதார், பின்னர்க் குரல் என ஒவ்வொன்றாகச் சேர்ப்பர். ஒன்றைச் சேர்க்கும்தோறும் நாடா முழுவதும் மீண்டும் ஓட வேண்டும். திங்கள் பல ஓடியபின் நாடாவின் மேற்பூச்சு உதிரலாயிற்று. மேல்நிலை ஒலிகள் மங்கின. பெருமுரசு எது, சிறுமுரசு எது என்று பிரித்தறிவதும் அரிதாயிற்று.

நல்லூழாக, முதல் பதிவின்போதே அவர்கள் இரண்டு கருவிகளை ஒருங்கே ஓடவிட்டிருந்தனர். இரண்டாம் நாடா தேயாமல் இருந்தது. ஆனால் பின்னர்ச் சேர்த்த குரல்களும் கருவியிசையும் தேய்ந்த நாடாவில் அல்லவா உள்ளன? இரு நாடாக்களையும் இணைத்து ஓட்டுவதற்குரிய குறியொலி எதுவும் அவற்றில் இல்லை. எந்த இரண்டு கருவிகளும் இம்மியும் பிசகாமல் ஒரே விரைவில் ஓடுவதில்லை. ஆகவே வல்லுநர் ஒருவர் காதொலிப்பானை அணிந்து, ஒரு செவியில் பழைய நாடாவின் முரசொலியையும் மறு செவியில் புதிய நாடாவின் முரசொலியையும் கேட்டபடியே, விரைவைக் கையால் திருத்திக்கொண்டு, இரவெல்லாம் அமர்ந்து அவற்றை ஒன்று சேர்த்தார். 1977 பிப்ரவரியில் வெளிவந்த அத்தொகுப்பு கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. இரண்டாம் நாடாவை ஓடவிட்ட நாளில், அதனால் இத்துணைப் பயன் விளையும் என்று எவரும் அறிந்திலர்.

இன்று ஒலியை எண்களாக்கிக் கணினியில் வைக்கிறோம். எண்ணைப் பார்த்து எண்ணை எழுதினால் இரைச்சல் சேர்வதில்லை. நூறாவது படியும் மூலத்தோடு ஒக்கும். இனி அச்சமில்லை என்றுதான் பலரும் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. நாடா தேயும்போது ஒலி மங்கி, முன்னரே எச்சரிக்கும். வன்தட்டோ, நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு, இன்று காலை முன்னறிவிப்பின்றி நின்றுவிடும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் வீட்டிலேயே பாட்டு அமைக்கிறீர்கள். ஒன்றை நன்கு அறிந்துகொள்ளுங்கள். கணினியில் பாட்டின் பெயரோடு காணப்படும் சிறு கோப்பு, பெரும்பாலும் ஓர் அட்டவணையே. எந்த ஒலி எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பனவே அதில் உள்ளன. ஒலிகள் வேறோர் உறையில் கிடக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்னும் அளவில், 40 தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சற்றேறக்குறைய 1.7 ஜிகாபைட் வேண்டும். அட்டவணையை மட்டும் படியெடுத்து மகிழ்வது, நூலை விட்டுவிட்டுப் பொருளடக்கத்தைக் காப்பது போன்றது.

எங்கள் தொழிலில் ‘பேக்கப்’ என்று வழங்குவதைக் காப்புப்படி எனலாம். எங்கள் கூடத்தில் ஒவ்வொரு நாள் பணி முடிந்ததும் மூன்று படிகள் இருக்கும். அவற்றுள் ஒன்று வேறொரு தெருவிலுள்ள வீட்டில் இருக்கும். 2008 ஜூன் முதல் நாள், ஹாலிவுட்டில் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் பற்றிய தீயில் மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தன. ஒரே கூரையின்கீழ் இருந்த படிகள் பத்தாயினும், தீயின்முன் அவை ஒன்றே. ‘மேகத்தில் இருக்கிறது’ என்று சிலர் அமைதி கொள்வர். அம்மேகமும் எங்கோ ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளே! மேலும், இங்கே அழித்தால் அங்கேயும் தானாக அழியுமாறு அமைந்தது நிழலேயன்றிக் காப்பு ஆகாது.

பாட்டு முழுமை பெற்றபின், ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எளிய ஒலிக்கோப்பாகவும் எடுத்து வைக்கிறோம். மென்பொருள்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும். எளிய ஒலிக்கோப்பை எதிலும் திறக்கலாம். ஆண்டுக்கொரு முறை பழைய படிகளைத் திறந்து கேட்கிறோம். திறந்து பாராத படியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவ்வுழைப்பின் பயனைக் கண்ணாரக் கண்டதும் உண்டு. முன்பொருகால் எண்பது வயது கடந்த ஓதுவார் ஒருவர் எங்கள் கூடத்தில் பாடினார். ஒரே பதிகத்தை மும்முறை பாடினார். மூன்றாவது வெளிவந்தது; மற்ற இரண்டும் ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அவருடைய பேரர் வந்து, ஒதுக்கிய பாட்டுகள் கிடைக்குமா என்று கேட்டார். தாத்தா வீட்டில் பாடும் முறை வேறு. முதன்முறை அவ்வாறே பாடியிருப்பார் என்பது அவர் எண்ணம். அன்று பதிந்த கணினி எப்போதோ போய்விட்டது. கூடத்திலிருந்த வன்தட்டும் சுழல மறுத்தது. வேறு தெருவிலிருந்த படியைக் கொணர்ந்து திறந்தோம். மூன்று பாட்டுகளும் இருந்தன. முதற்பாட்டின் தொடக்கத்தில், “தம்பி, சுருதி சேர்ந்திருக்கிறதா?” என்று அவர் என்னை வினவிய குரலும் இருந்தது.

பேரர் அப்பகுதியை இருமுறை கேட்டார். பின்னர்த் தம் பையிலிருந்து வன்தட்டுகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.