திரிபு

சொல்லின் பொருளைத் தேடிச் செல்வார்க்கு எத்துறையும் அயல்துறையன்று என்பது நம் துணிபு. சில ஆண்டுகளுக்கு முன், இயற்பியல் முதுகலை மாணவி ஒருவர் அறிவியல் தமிழ்க் கருத்தரங்கிற்கென எழுதிய கட்டுரையைத் திருத்தித் தருமாறு நம்மிடம் வேண்டினார். மாங்கனீசு ஆக்சைடு மென்படலங்களைப் பற்றியது அது. பள்ளி இறுதிவரை தமிழிலேயே பயின்ற அவர், "இதையெல்லாம் தமிழில் எழுத முடியுமா ஐயா?" என்று வினவினார். அவ்வினா நம் நெஞ்சை உறுத்தியது.

லாந்தனம், கால்சியம், மாங்கனீசு, ஆக்சிஜன் சேர்ந்த இவ்வகைச் சேர்மங்களை 1950இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யோங்கர், வான் சாண்டன் ஆகியோர் ஆராய்ந்தனர். 1994இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார், இவற்றின் மென்படலம் ஒன்றில் காந்தப் புலத்தால் மின்தடை ஆயிரம் மடங்களவு குறையக் கண்டனர். ஒரே சேர்மத்துள் மின்னைக் கடத்தும் காந்தப் பகுதிகளும் கடத்தாப் பகுதிகளும் அருகருகே உறைவதே இதற்கு அடிப்படை என 1999இல் ஆய்வாளர் விளக்கினர். 2002இல் காந்தவிசை நுண்ணோக்கியின் வழியே, படலம் குளிரக் குளிரக் கடத்தும் தீவுகள் வளர்ந்து ஒன்றையொன்று தொடுவதும், அவ்வாறு வழி அமைந்தபோது மின்தடை சரிவதும் நேரில் காணப்பட்டன.

படலம் எப்படிகத்தின்மேல் வளர்கிறதோ, அதன் அணு இடைவெளிக்கேற்பத் தானும் நீள்கிறது, அல்லது குறுகுகிறது. இதனை இயற்பியலார் திரிபு என்பர். எந்நிலை ஓங்கும் என்பதில் இத்திரிபுக்கும் பங்குண்டு. பொன், குடம் என்பன சேர்ந்து பொற்குடம் ஆகுங்கால், அயல்நின்ற வல்லினத்தால் னகரம் றகரமாகிறது. நாமும் அதனைத் திரிதல் என்றே கற்பிக்கிறோம். ஈரிடத்தும் அயலின் சார்பே உருவை மாற்றுகிறது. ஆயினும் பொன் பொன்னாகவே இருக்கிறது; சேர்மமும் வேறு சேர்மமாகிவிடுவதில்லை.

இதனை எடுத்துரைத்தபின், அம்மாணவி கட்டுரையைத் தாமே செப்பனிட்டார். ஒற்றுப்பிழை சிலவற்றைக் களைவதே நமக்கு எஞ்சியது.

ஆங்கிலப் பாடநூலின்முன் வாயடைத்து நிற்கும் மாணவரை அறிவிற் குறைந்தோர் எனக் கருதுதல் பொருந்தாது. அவரிடம் தெளிவு இல்லாமலில்லை. அது தீவு தீவாகக் கிடக்கிறது. அத்தீவுகள் ஒன்றையொன்று தொடுவதற்கான சொல்லை வழங்குவது, இயற்பியல் துறைக்கு மட்டுமன்று, தமிழ்த்துறைக்கும் உரிய கடமையாகும்.