கரிக்கோட்டுக் கணக்கு

நாட்டின் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களின் பெயர்களையும் சட்டங்கள் பிறந்த ஆண்டுகளையும் குறித்து வைக்கின்றனர். அது வேண்டிய பணியே. ஆயினும், இம்மண்ணின் காடுகளைத் திருத்திப் பால்மரங்களை நட்டு வளர்த்த நம் முன்னோருள் பெரும்பாலோர் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் மறைந்துபோயினர். தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் ஓர் எண்ணாகவும் ஒரு கட்டைவிரல் ரேகையாகவும் இருந்ததே அவர்கள் விட்டுச்சென்ற தடம். அத்தகையோருள் ஒருவர் என் தந்தையைப் பெற்ற தாய். நாங்கள் அவரை ‘அப்பாயி’ என்று அழைப்போம். பிறகு லயத்துப் பிள்ளைகள் அனைவருக்குமே அவர் அப்பாயி ஆனார்.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், ஐந்து வயதுச் சிறுமியாகப் பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார். எந்த ஆண்டு என்று அவருக்குத் தெரியாது. அக்கப்பல் ஓடத் தொடங்கியது 1926ஆம் ஆண்டில். 1929ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் தோட்டத் தொழிலாளர் பலர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆகவே இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் வந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் நானே கணக்கிட்டுக்கொண்டேன். கடலில் கண்ட மீன்களும், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் கழிந்த நாட்களுமே அப்பயணத்தில் அவர் நினைவில் நின்றவை. அங்கிருந்து பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்திற்கு அக்குடும்பம் வந்து சேர்ந்தது. அதன்பின் அவர் அந்த வட்டாரத்தை விட்டு நீங்கவே இல்லை.

அப்பாயி பால்மரம் வெட்டுவதில் தேர்ந்தவர். விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் மரம் மரமாகச் செல்வார். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். உளி பட்டையைச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் தண்டைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டுவிட்டால் அவ்விடத்தில் முடிச்சு விழும். மறுமுறை வளரும் பட்டையில் ஒழுங்காகப் பால் வெட்ட இயலாது. அவருடைய நிரையில் இருந்த மரங்களில் அத்தகைய முடிச்சைக் காண்பது அரிது என்று தோட்டத்துத் தண்டலே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஆசிரியனாகப் பணியில் சேர்ந்த புதிதில், “பிள்ளைங்கள அடிக்கிறியா சாமி?” என்று ஒருநாள் கேட்டார். “சில வேளைகளில் கண்டிக்க வேண்டியிருக்கிறது” என்றேன். “பட்டைய மட்டும் சீவு. தண்டத் தொட்டுறாதே” என்றார். பயிற்சிக் கல்லூரியில் உளவியல் நூல்கள் பல படித்தவன் நான். அவற்றின் சாரம் அவ்விரு தொடர்களில் அடங்கியிருந்தது.

அவர் எழுத்தறியாதவர். ஆனால் கணக்கறியாதவர் அல்லர். சமையற்கட்டுச் சுவரில் அடுப்புக் கரியால் நாள்தோறும் ஒரு கோடு கிழிப்பார். வேலைக்குச் சென்ற நாளுக்கு நிமிர்ந்த கோடு. மழையால் வெட்டு இல்லாத நாளுக்குப் படுத்த கோடு. அரை நாள் வேலைக்குச் சிறு கோடு. சம்பளத்திற்கு முதல்நாள் இரவு விளக்கை உயர்த்திப் பிடித்து அவற்றை எண்ணுவார். ஒரு முறை பதிவேட்டில் இரண்டு நாள் குறைந்திருந்தது. அப்பாயி சண்டையிடவில்லை. கிராணியாரைத் தம் வீட்டிற்கே அழைத்துவந்து சுவரைக் காட்டினார். எந்த நாளில் மழை, எந்த நாளில் எவர் வீட்டுச் சாவு, எந்த நாளில் துரை சுற்றிப் பார்க்க வந்தார் என ஒவ்வொரு கோட்டிற்கும் விளக்கம் சொன்னார். பதிவேடு திருத்தப்பட்டது. அதன்பின் லயத்தில் பல வீட்டுச் சுவர்களில் கரிக்கோடுகள் தோன்றின என்று என் தந்தையார் சொல்வார்.

அவர் வாழ்வில் கணக்குத் தீராத நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. சப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டு, சயாமிலிருந்து பர்மாவுக்கு இருப்புப்பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் திரட்டினர். மூன்று மாத வேலை என்று சொல்லி என் பாட்டனாரையும் கொண்டுசென்றனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் அங்கே மாய்த்த தமிழர்களுக்குச் சரியான எண்ணிக்கை இல்லை. பலருக்குப் புதைகுழியின் அடையாளமும் இல்லை. போர் முடிந்து சிலர் திரும்பினர். பாட்டனார் திரும்பவில்லை. அவரைக் கண்டதாகச் சொன்னவரும் இல்லை. அவர் இறந்ததைக் கண்டதாகச் சொன்னவரும் இல்லை. அப்பொழுது அப்பாயிக்கு இருபது வயதளவே இருக்கும். மடியில் இரண்டு பிள்ளைகள்.

உறவினர் கூடித் தாலியை வாங்கிவிட வேண்டும் என்றனர். “செத்தத யாரு பாத்தீங்க? பாத்தவுக வந்து சொல்லுங்க, கழட்டித் தர்றேன்” என்றார் அப்பாயி. சொல்ல எவரும் வரவில்லை. மறுமணப் பேச்சு எழுந்தபோதும் அதே விடைதான். பொட்டும் தாலியுமாகவே வாழ்ந்தார். அதனால் சில வீடுகளில் மங்கல நிகழ்ச்சிகளுக்கு அவரை அழைக்கத் தயங்கினர். ‘சுமங்கலியா, கைம்பெண்ணா’ என்று காதில் விழும்படியே பேசினர். அவர் அதற்கு விடை சொன்னதில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை. ஆடி அமாவாசையன்று மட்டும் ஓர் இலையில் சோறு படைப்பார். அது எவருக்கு என்று நாங்கள் கேட்டால், “பசியா இருக்கிறவங்களுக்கு” என்பார்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்கு உடனடிக் காரணமான கொலைகள் நிகழ்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டிலிருந்தோருக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, வேலைக்குச் செல்வோரைச் சோதித்தே வெளியே விட்டனர். சோறு கொண்டுசெல்ல முடியாத நாட்களில் அப்பாயி வெறும் வயிற்றோடு வெட்டி முடித்து, பால் நிறுத்த பின்னரே வந்து உண்பார். அந்த வறுமையிலும் என் தந்தையாரைத் தோட்டப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்ப அவர் இசையவில்லை.

1950ஆம் ஆண்டுகளில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டித் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அப்பாயி அந்நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்தார். 1960ஆம் ஆண்டு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டுவந்த காலம் அது. மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி, நூறு வெள்ளிப் பங்கொன்றை அப்பாயி வாங்கினார். அதற்குக் கிடைத்த ஈவுத்தொகையைத் தமக்கென்று தொட்டதில்லை. 1988ஆம் ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது, என் பெட்டியும் காலணியும் இரண்டு வெள்ளைச் சட்டைகளும் அத்தொகையில் வாங்கியவையே. அக்கல்லூரியில், ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்னும் கற்பித்தல் நெறியை விரிவுரையாளர் விளக்கியபோது, எனக்குக் கரிக்கோடுகள் நிறைந்த அந்தச் சுவர்தான் நினைவில் வந்தது.

அப்பாயி 1996ஆம் ஆண்டு மறைந்தார். இறுதிச் சடங்கின்போது பழைய வினா மீண்டும் எழுந்தது. தாலியைக் கழற்றிவிட்டே எடுக்க வேண்டும் என்றனர் பெரியோர் சிலர். சுமங்கலியாகவே அனுப்ப வேண்டும் என்றனர் வேறு சிலர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கூடிய அதே முற்றத்தில் அதே பேச்சு! என் தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அம்மா கேட்ட சாட்சி இன்னும் வரல. கழட்ட நமக்கு உரிமை இல்ல” என்றார். மஞ்சளும் பொட்டும் தாலியுமாக அப்பாயி சென்றார்.

ஆசிரிய நண்பர்களே! மாணவச் செல்வங்களே! இன்று அந்தத் தோட்டத்தில் பால்மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, கரிக்கோட்டுச் சுவரும் இடிந்துபோயிற்று. என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் பயிற்சி தருகிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் பிறந்த ஊர், வந்த வழி, செய்த தொழில், இழந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வர வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி, தன் கொள்ளுப்பாட்டனாரும் சயாமுக்குச் சென்று திரும்பாதவர் என்று எழுதியிருந்தாள். அவர் பெயரைக் கேட்டேன். வீட்டில் எவருக்கும் தெரியவில்லை என்றாள்.

பெயரறிந்த மூத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நம்மை விட்டுப் பிரிகின்றனர். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அப்பாயிக்குக் கரித்துண்டு கிடைத்தது. நமக்கோ எழுத்தே வாய்த்திருக்கிறது.