வேலிக்கு மேலே ஒரு விமானம்

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒரு புறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் அணைத்து நிற்கும் ஆலங்குடா எனது ஊர். காற்றுக்குப் பஞ்சமில்லாத மணல் நிலம் அது. சோளகம் வீசும் மாதங்களில் பட்டம் ஏற்றிப் பழகிய கைகளுக்கு, நூலில்லாமலே ஒன்றைப் பறக்கவிட வேண்டும் என்ற ஆசை பிறந்ததில் வியப்பில்லை. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிடைத்த பல்கலைக்கழக விடுமுறையில், வானலையால் இயக்கப்படும் மாதிரி விமானம் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு கமராவையும் ஏற்றிப் பறக்கவிட முனைந்தேன். அம்முயற்சியில் நான் கற்றதும் கற்கத் தவறியதும் இக்கட்டுரையின் பொருள்.

பறக்கும் ஒன்றில் கமராவை ஏற்றும் எண்ணம் புதியதன்று. ஜேர்மனியைச் சேர்ந்த யூலியுஸ் நொய்புரொன்னர் என்னும் மருந்தாளர், புறாவின் மார்பிற் கட்டத்தக்க சிறு கமராவுக்கு 1907ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கோரினார். புறா ஏறக்குறைய 75 கிராமுக்கு மேல் சுமக்காது என்பதே அவருக்கிருந்த பெருந்தடை. நூறாண்டுகள் கழிந்த பின்னர் என்னை வாட்டியதும் அதே எடைப் பிரச்சினைதான்.

ரிஜிபோம் பலகையை அறுத்து உடலையும் இறக்கைகளையும் செய்தேன். இறக்கை முனைக்கு முனை 140 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. முதலிற் பூசிய பசை, ஒட்டுவதற்குப் பதிலாக நுரையைக் கரைத்துக் குழி பறித்துவிட, ஒரு வாரத்து உழைப்பு வீணாயிற்று. மரவேலைக்குரிய வெள்ளைப் பசையே பின்னர் கைகொடுத்தது. இறக்கை மடியாதிருக்க அதனுள் மூங்கிற் சிம்பு ஒன்றைப் பதித்தேன். விசிறியை முன்னால் வைத்தால் அதன் இதழ்கள் படத்திற் குறுக்கிடும் ஆதலால், மோட்டரை இறக்கைக்குப் பின்னால் அமைத்தேன். கட்டுப்பாட்டுக் கருவி 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இயங்கியது. படத்தைத் தரைக்கு அனுப்பும் கருவியும் அதே அலையைப் பயன்படுத்தினால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். எனவே அதற்கு 5.8 கிகாஹேர்ட்ஸைத் தெரிந்தேன்.

எல்லாம் பொருத்தியபின் மொத்த எடை 900 கிராம். அதில் 180 கிராம் பற்றரியினுடையது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் தள்ளி இரு விரல்களால் தாங்கினால் விமானம் சாயாமல் நிற்க வேண்டும். கமராவை மூக்கில் வைத்ததும் அது தலைகுப்புறச் சாய்ந்தது. பற்றரியைச் சிறிது சிறிதாகப் பின்னகர்த்தியே சமநிலை கண்டேன். எடையையும் இறக்கைப் பரப்பையும் கொண்டு கணக்கிட்டபோது, வேகம் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்குக் குறைந்தால் அது மிதக்காது வீழும் எனத் தெரிந்தது. சோளகக் காலத்தில் காற்றின் வேகமே அதனை மிஞ்சிவிடும். ஆகவே மாசி மாதத்துக் காலைப்பொழுதொன்றைத் தெரிவுசெய்தேன்.

உரிய அனுமதியைப் பெற்று, கரைவலை இழுப்போர் வீடு திரும்பிய பின், நண்பன் ஒருவன் அதனைக் கையால் வீசினான். விமானம் எழுந்தது, எனினும் படம் கூழ்போல் நெளிந்தது. விசிறியின் ஓர் இதழ் மற்றையதிலும் பாரமாயிருந்தமையால் உண்டான அதிர்வே காரணம். பாரமான இதழைத் தேய்த்துச் சமன்செய்து, கமராவின் கீழே பஞ்சுத் துண்டொன்றையும் வைத்தபின் படம் தெளிந்தது. மறுமுறை 14 நிமிடங்கள் பறந்தது. பறப்பு நேரம், எடை, காற்று, படத்தின் தெளிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் நிரல்பட எழுதினேன். மதிப்பீடு நிறைவுற்றதென்றே எண்ணினேன்.

அன்று மாலை படத்தை வீட்டிற் போட்டுக் காட்டினேன். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தொலைவிற் தெரிந்தபோது தம்பிமார் ஆரவாரித்தனர். அடுத்து எங்கள் கூரை. அதற்கடுத்து அயல் வளவுகள். கடற்கரை வெளிக்கே அனுமதி பெற்றிருந்தும், ஊரைக் காணும் ஆவலில் விமானத்தைச் சில நிமிடங்கள் உள்ளே திருப்பியிருந்தேன். உம்மாவின் அருகில் அமர்ந்திருந்த பக்கத்து வளவு மாமி மெல்லக் கேட்டார்:

"மகன், இது எங்கட கிணத்தடி தானே?"

ஆம் என்றேன், பெருமையோடு. அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "தொண்ணூறாம் ஆண்டு இங்க வந்து இறங்கினப்போ, கொட்டில் போடுறதுக்கு முன்னால வேலியத்தான் அடைச்சோம்" என்றார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. வீடும் காணியும் நகையும் பறிபோன பின், பெண்கள் குளிக்கவும் உடுக்கவும் ஒதுங்கவும் இருந்த ஒரே மறைவு கிடுகு வேலிதான். அவ்வேலி மாமிக்கு ஓலையன்று. மீண்டும் கட்டியெழுப்பிய மானத்தின் முதற் சுவர். நான் அதனை அறுக்கவுமில்லை, தாண்டவுமில்லை. 900 கிராம் நுரையைக் கொண்டு, அது இல்லாதவாறு ஆக்கிவிட்டேன்.

ஆட்களுக்கும் வீடுகளுக்கும் மேலே பறக்கவிடலாகாது என்பது இக்கலையில் ஈடுபடுவோர் எங்கும் அறிந்த விதி. வீழ்ந்தால் காயம் உண்டாகும் என்பதே அதன் காரணம் என எண்ணியிருந்தேன்; வீழமாட்டாது என்ற துணிவில் மீறினேன். 2019 ஏப்ரல் 21இன் குண்டுத்தாக்குதல்களைத் தொடர்ந்து நாடெங்கும் ஆளில்லா வானூர்திகள் சில காலம் தடைசெய்யப்பட்டபோது, பாதுகாப்பென்னும் மற்றொரு காரணமும் ஊரறிய விளங்கிற்று. ஆனால் வீழாமல், வெடிக்காமல், செவ்வனே பறந்துவரும் விமானமும் ஒருவரைப் புண்படுத்தலாம் என்பதை எனக்கு உணர்த்தியவர் மாமியே.

அவர் கண்முன்னரே அப்படத்தை அழித்தேன். மறுவாரம் கமராவை வடக்கு நோக்க நிறுத்தி, கரையோரமாகக் கடலின் மேலே மட்டும் பறக்கவிட்டேன். இம்முறை அழையாமலே மாமி பார்க்க வந்தார். திரையில் நீரும், வெண்மணலும், ஓரிரு தோணிகளுமே தெரிந்தன. தட்டத்தின் முனையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"மன்னார் தெரியுமா மகன்?"

100 மீற்றர் உயரத்திலிருந்து நோக்கினாலும் தொடுவானம் ஏறக்குறைய 36 கிலோமீற்றரில் முடிந்துவிடும். மன்னார் அதற்கு வெகு அப்பால். தெரியாது மாமி என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, படம் முடியும்வரை எழுந்திருக்காமலே இருந்தார்.

அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்து மதிப்பீட்டில் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். ஒன்று, யாரைக் கேட்டுப் பார்த்தாய் என்பது. மற்றையது, அவர்கள் காண விரும்பியது எது என்பது.