என் வீட்டு மத்ரஸாவின் புதிய வருடம்



அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு ஷவ்வால் மாதம் என்றால் தனியொரு மணம் உண்டு. ரமழான் விடுமுறை கழிந்து, பெருநாளும் முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மத்ரஸாவுக்குத் திரும்பும் மாதம் அது. எங்கள் புதிய கல்வி வருடம் அன்றுதான் பிறக்கும். புதிய வகுப்பு, புதிய கிதாப். ஆஜுரூமிய்யாவின் முதற் பக்கத்தை உஸ்தாத் அவர்கள் திறந்து வைத்த அந்தக் காலைப்பொழுது 30 வருடங்களுக்குப் பிறகும் என் மனதில் அப்படியே இருக்கின்றது.

அந்தப் பழக்கத்தில்தான் என் வீட்டு மத்ரஸாவுக்கும் ஷவ்வாலிலேயே வருடத்தை ஆரம்பிக்கிறேன். வீட்டு மத்ரஸா என்று பெரிதாகச் சொன்னாலும் மாணவர்கள் மூவர்தான். மூத்த மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7, கடைக்குட்டிக்கு நாலரை. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே எல்லாவற்றையும் கற்பிப்பதைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. நமது நாட்டுச் சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைக்குக் கல்வி கட்டாயமானது. என் பிள்ளைகளும் பாடசாலைக்குப் போகிறார்கள். ஆனால் குர்ஆன் ஓதலை மட்டும் நான் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஊரின் குர்ஆன் மத்ரஸாவும் மூடப்பட்டது. மூத்தவளை மடியில் வைத்து அலிஃப், பா சொல்லிக் கொடுத்தேன். பிறகு எல்லாம் திறந்தன. நான் மட்டும் திறக்கவில்லை. "நானே மௌலவி, என் பிள்ளையை இன்னொருவரிடம் அனுப்புவதா?" என்றொரு நினைப்பு. அதைப் பெருமை என்று அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

18 வருடங்களாக அரச பாடசாலையில் இஸ்லாமும் அரபும் கற்பிப்பவன் நான். ஆகவே வீட்டிலும் பாட அட்டவணை போட்டேன். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். அதில் ஓதல், மனனம், துஆக்கள், தொழுகை முறை, அதற்கும் மேலாக அரபுச் சொற்கள். கட்டம் போட்டு, நிறப் பென்சிலால் கோடு கீறி, அலுமாரிக் கதவில் ஒட்டினேன். விருந்தாளிகள் வந்தால் கண்ணில் படும் இடம் அது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த இடத்தைத் தெரிவு செய்ததும் அதற்காகத்தான்.

முதலில் மகள் ஓதுவாள். அடுத்து மகன் அதே பக்கத்தை ஓதுவான். இருவரையும் ஒன்றாக வைத்தால் நேரம் மிச்சம் என்பது என் கணக்கு. மகன் நல்ல குரல் உள்ளவன், மக்ரஜும் சுத்தம். காயிதாவை முடித்து அடுத்த வருடமே குர்ஆனைத் தொடங்கிவிடுவான் என்று பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். அவள் படுத்துவிட்டாள். மகன் தனியாக வந்து உட்கார்ந்தான். "ஓதுங்க மகன்" என்றேன். ஓதினான். பிழையில்லை, தடுமாற்றமில்லை. ஆனால் அவன் முன்னால் திறந்திருந்தது வேறு பக்கம்! முந்தின நாள் ராத்தா ஓதிய பக்கத்தைத்தான் அவன் ஒப்புவித்துக்கொண்டிருந்தான்.

விரலை எழுத்தின் மேல் வைக்கச் சொன்னேன். "இது என்ன எழுத்து?" என்று கேட்டேன். பிள்ளை காயிதாவைப் பார்க்கவில்லை; என் முகத்தைப் பார்த்தான். என் புருவம் சுருங்குகிறதா, விரிகிறதா என்று பார்த்து "தா... இல்ல, பா... நூன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். இரண்டு வருடமாக அவன் வாசிக்கப் பழகியது எழுத்தை அல்ல, என் முகத்தை.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அவனுடைய காதைப் பிடித்தேன். "எத்தனை நாளா இப்பிடி?" என்று கத்தினேன். "ராத்தா ஓதுறதக் கேட்டுத்தான் வாப்பா... எனக்கு ஏலா வாப்பா" என்று அழுதான். அழுதுகொண்டே அடுத்த வளவில் இருக்கும் மூத்தம்மாவின் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

அன்றிரவுதான் மனைவி வாய் திறந்தாள். மாதக்கணக்காக மகனுக்கு மஃரிபு நேரத்தில் மட்டும் வயிற்று வலி வருவதையும், சனி ஞாயிறுகளில் அஸருக்கே அவன் மூத்தம்மா வீட்டில் போய்ப் படுத்துவிடுவதையும் எனக்குச் சொல்லாமல் மறைத்திருந்தாள். "ஏன் சொல்லல்ல?" என்றேன். "சொன்னா அதுக்கும் அடிப்பீங்க" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "பள்ளிக்கூடத்துல உங்களுக்கு முப்பது புள்ள. இஞ்ச மூணுதான். அந்த மூணையும் ஒண்டா இருத்தி நீங்க முப்பதாக்கிப் போட்டீங்க."

அனஸ் (ரழி) அவர்கள் பத்து வருடங்கள் பணிவிடை செய்தும் நபி (ஸல்) அவர்கள் ஒரு தடவையேனும் அவரைச் 'சீ' என்று சொன்னதில்லை என்ற ஹதீஸை நான் எத்தனை குத்பாக்களில் கூறியிருப்பேன்! மிம்பரில் இருந்து இறங்கி வீட்டு வாசலைத் தாண்டும்போது அது எங்கே போனதோ தெரியவில்லை.

ரமழான் விடுமுறை கிடைத்தது. ஒரு மாதம் பாடத்தை முற்றாக நிறுத்தினேன். அந்த நாட்களில் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் முகத்திமாவை மீண்டும் எடுத்தேன். மத்ரஸாவில் அதன் பகுதிகளைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். ஒரு தகப்பனாகப் படித்தது இதுதான் முதல் தடவை. 1377 ஆம் ஆண்டில் எழுதி முடித்த அந்த நூலின் கல்வி பற்றிய அத்தியாயத்தில் அவர் ஒரு தனிப் பகுதியை மாணவர்களிடம் கடுமை காட்டுவதன் தீமைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். அடியும் அதட்டலும் பிள்ளையின் உற்சாகத்தைப் போக்கும், சோம்பலை வளர்க்கும், அடிக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் செய்யத் தூண்டும், நாளடைவில் அதுவே அவனுடைய குணமாகிவிடும் என்பது அவரின் கருத்தின் சாரம். வயிற்று வலியும், வேறு பக்கத்தை ஒப்புவித்ததும் எனக்கு அப்போது விளங்கின. என் மகன் பொய்யனாகப் பிறக்கவில்லை. நான் பழக்கியிருந்தேன்.

அதே அத்தியாயத்தில் அவர் ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறைகளை ஒப்பிட்டுக் காட்டுகிறார். மஃரிப் நாட்டவர் குர்ஆனை மட்டும் கற்பித்தார்கள். அந்தலுஸ்காரர் குர்ஆனை அடிப்படையாக வைத்துக்கொண்டு மொழியையும் கவிதையையும் கையெழுத்தையும் சேர்த்தார்கள். காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) என்பார் ஒரு புது யோசனை சொன்னார்: முதலில் மொழி, பிறகு கணக்கு, அதன் பின்னரே குர்ஆன், விளங்காத ஒன்றைச் சிறு பிள்ளையின் மேல் சுமத்தாதீர்கள் என்றார். இப்னு கல்தூன் அதை நல்ல முறை என்று புகழ்ந்துவிட்டு, ஆனாலும் வழக்கம் இடம் தராது என்கிறார். பிள்ளை வளர்ந்து கைமீறிப் போனால் குர்ஆன் ஓதாமலே போய்விடுவானே என்ற அச்சம்தான் அந்த வழக்கத்துக்குக் காரணமாம். வாசகர்களே, இது நம் ஊர்ப் பேச்சல்லவா! தரம் 6 வந்துவிட்டால் டியூஷனும் கிரிக்கெட்டும் பிள்ளையைக் கொண்டுபோய்விடும், அதற்கு முன் ஓதி முடிக்க வேண்டும் என்று நாமும் அவசரப்படுகிறோமே.

இந்த அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் காழியின் யோசனையை அப்படியே எடுக்கவுமில்லை. ஆனால் ஒன்றை யோசித்தேன். அவர்கள் பேசியது அரபு பேசும் பிள்ளைகளைப் பற்றி. நம் பிள்ளைக்கு எழுத்தும் புதிது, மொழியும் புதிது. பொருள் தெரியாத ஓசையைப் பிடித்துவைக்க அவனுக்குக் காது ஒன்றுதான் துணை. என் மகன் கடைப் பெயர்ப் பலகைகளைத் தமிழில் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிறவன். கண்ணிலும் குறையில்லை, மூளையிலும் குறையில்லை. கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காதுக்கு மட்டும் பாடம் நடத்தியவன் நான்தான்.

இதற்கு மருந்து கிதாபில் கிடைக்கவில்லை, மாமியிடம் கிடைத்தது. ஒரு நாள் இஃப்தாருக்குப் பிறகு பேச்சுவாக்கில் சொன்னார்கள்: "எங்கட காலத்துல புத்தகம் ஏது? லெப்பை ஒவ்வொரு புள்ளைக்கும் பலகையில வேற வேற எழுதித் தருவார். அதப் பாத்து ஓதிக் காட்டினாத்தான் கழுவ விடுவார்." ஆளுக்கொரு பலகை. பக்கத்துப் பிள்ளையின் பாடத்தைக் கேட்டு ஒப்புவிக்க வழியே இல்லை! மத்ரஸாவின் ஹிஃப்ழுப் பிரிவிலும் இதே முறைதான். ஒவ்வொரு மாணவனின் ஸபக்கையும் உஸ்தாத் தனித்தனியே கேட்பார். இதெல்லாம் தெரிந்த நான் வீட்டில் நேரத்தை மிச்சம் பிடித்தேன்.

அலுமாரியில் இருந்த அட்டவணையை 27ஆம் நோன்பு அன்று கிழித்தெடுத்தேன். பசை ஒட்டிய தடம் இன்னும் இருக்கிறது. புதியது எதுவும் ஒட்டவில்லை. மனைவியும் நானும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான்.

மகனுக்கு ஸுபஹுக்குப் பிறகு பத்து நிமிடம். அவனும் நானும் மட்டும். காயிதாவை மூடி மேலே வைத்துவிட்டேன். கடற்கரையில் இருந்து மணல் கொண்டுவந்து அலசிக் காயவைத்து ஒரு தட்டில் பரப்பியிருக்கிறேன். அவன் விரலால் எழுதுகிறான், சொல்கிறான், அழிக்கிறான். பா, தா, ஸா, நூன், யா ஐந்தும் சொல்லின் முதலில் வரும்போது ஒரே பல்தான், புள்ளிதான் வேறு. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் முதல் வாரம் முழுவதையும் கொடுத்தேன். புள்ளிக்குப் புளியங்கொட்டை வைக்கிறோம். இரண்டு பாடங்களை ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது என்பதும், பாடங்களுக்கிடையில் நீண்ட இடைவெளி விட்டால் மறதி வரும் என்பதும் இப்னு கல்தூன் கூறிய வேறு இரண்டு விடயங்கள். ஆகவே எழுத்து முடியும்வரை புதிய மனனம் இல்லை. வெள்ளிக்கிழமையும் அந்தப் பத்து நிமிடம் உண்டு. குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்று ஹதீஸில் வருகிறதே. அது ஏழு வயதுக்காரனுக்கும் பொருந்தும் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகளுக்கு மஃரிபுக்குப் பிறகு இருபது நிமிடம். அவளுக்கு இது புலமைப்பரிசில் வருடம். கணக்கும் தமிழும் உம்மாவின் பொறுப்பு. சிறிய சூறாக்களின் சொற்களுக்கு அவள் என்னிடம் பொருள் படிக்கிறாள், நாளுக்கு இரண்டு சொல்.

கடைக்குட்டிக்குப் பாடமே இல்லை. இதில் மனைவிக்கும் எனக்கும் சிறு விவாதம் நடந்தது. "அவளையும் சும்மா இருத்தி வைங்களேன், கேட்டாவது பழகட்டும்" என்றாள். கேட்டுப் பழகியதால் வந்த வினையை நினைவூட்டினேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், பாடம் முடிந்த பிள்ளையை விளையாட விடாவிட்டால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை எழுதியிருப்பதையும் எடுத்துக் காட்டினேன். பாடம் படித்த பிள்ளைக்கே அப்படியென்றால் நாலரை வயதுக்கு? அவளுக்கு இரவில் ஒரு நபிமார் கதை. யூனுஸ் நபியின் மீன் எவ்வளவு பெரியது என்பதைத் தாண்டி இன்னும் நாங்கள் போகவில்லை.

பிரம்பு வீட்டில் இல்லை. காதைப் பிடிப்பதில்லை என்று மகனிடம் வாக்குக் கொடுத்தேன். அவன் எழுதும்போது நான் அவனுக்கு எதிரில் உட்காருவதில்லை, பக்கத்தில் உட்காருகிறேன். என் முகம் அவனுக்குத் தெரியக்கூடாது.

இதையெல்லாம் எழுதுவதால் என் வீட்டில் எல்லாம் சீராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டாம் வாரம் மூன்று நாட்கள் என் தூக்கத்தால் தவறின. ஒரு காலை அவன் ஜீமையும் ஹாவையும் நான்காம் முறையும் மாற்றிச் சொன்னபோது என் குரல் உயர்ந்தது. பிள்ளை உடனே கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். தட்டில் அவனே ஒரு ஜீம் எழுதி, அதன் வயிற்றுக்குள் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

கடந்த ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு பெரியவர் கேட்டார். "மௌலவி, மகன் குர்ஆன் தொடங்கியிருப்பாரே, எத்தனையாவது ஜுஸ்உ?" முன்பு நானேதான் அவரிடம் அப்படிச் சொல்லி வைத்தவன். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"ஜீம், ஹா, கா ஓதுறார் ஹாஜியார்" என்றேன்.

"கா முடிஞ்சிட்டு வாப்பா" என்றான் மகன். "நாளைக்கு தால்."